குடியுரிமையும் முழங்கையும்: முத்தையா முரளிதரன் எதிர்கொண்ட இரு விசாரணைகள்

முத்தையா முரளிதரனின் இடத்தை விக்கெட் எண்ணிக்கையால் மட்டும் விளக்க முற்படும் எழுத்துகள், அவருடைய குடும்பம் சார்ந்த மக்களை அந்நியர் என வகுத்த குடியுரிமைச் சட்டத்தையும், அவருடைய பந்துவீச்சை எறிதல் என வகுத்த துடுப்பாட்ட விதியையும் தொடர்பற்ற இரு கதைகளாகவே கையாண்டுள்ளன. ஆனால் இரண்டிலும் குற்றத்தை நிறுவும் பொறுப்பு குற்றஞ்சாட்டியவரிடம் இருக்கவில்லை. தாம் உரியவர் என்பதைச் சந்தேகத்துக்கு ஆளானவரே சான்று காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவர் என்ற ஒன்றை மட்டும் குடியுரிமைக்குப் போதிய தகுதியாகக் கொள்ளாது, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்தமைக்குச் சான்று கோரியது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்கு அத்தகைய ஆவணம் எட்டாப் பொருளாக இருந்ததால், ஏறத்தாழ 7 இலட்சம் இந்திய வம்சாவளித் தமிழர் நாடற்றோர் ஆயினர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களிலும் அவர்களுடைய வழிவந்தோரிலும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகளின் பின்னரே பேசித் தீர்க்கப்பட்டது.

இந்த அலைக்கழிவு மலையகத்தோடு நின்றுவிடவில்லை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரைப் பொலன்னறுவைப் பகுதியில் குடியமர்த்தும் யோசனை எழுந்தது. அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு 1958 இனக்கலவரத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. 1977 வன்செயல்களின் பின்னர் தோட்டங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களைப் போலவே திருகோணமலை மாவட்டத்திலும் காடு வெட்டிக் குடியேறின. ஒரே மக்கள் கூட்டத்தின் ஒரு கிளை அவ்வாறு கிழக்குக்கு இடம்பெயர்ந்த காலத்தில், இன்னொரு கிளை கண்டியில் தங்கி நின்றது. முரளிதரனின் குடும்பம் அந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தது.

பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட, மகன் முத்தையா இலங்கையிலேயே தங்கிக் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அங்கே 1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளிதரன், தம் சிறுபராயத்தில் தந்தை வெட்டுக்காயத்துக்கு உள்ளானதையும் குடும்பம் உடைமைகளை இழந்ததையும் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிவந்த அவரைப் பதினான்கு வயதில் சுழலுக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ.

கொழும்பின் துடுப்பாட்டக் கழகங்கள் சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர் என இனப்பெயர் தாங்கியே வளர்ந்தவை. தமிழ் யூனியன் கழகத்தின் மகாதேவ சதாசிவம் 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியதை நோக்கும்போது, தமிழர் என்ற அடையாளம் மட்டுமே அணியின் கதவை அடைத்ததாகச் சொல்ல இயலாது. ஆனால் அக்காலத் தமிழ் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற வசதியான குடும்பத்தினர். அதே கழகத்தின் வழியாக 1992 ஓகஸ்டில் தேசிய அணிக்குள் வந்த முரளிதரனின் வேர், சதாசிவத்தின் ஆண்டிலேயே குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களிடையே இருந்தது. வர்க்கம் பற்றிய இந்த வேறுபாடு போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இரண்டாவது விசாரணை 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ணில் தொடங்கியது. பந்து கையைவிட்டு நீங்குமுன் மடங்கிய முழங்கை நிமிர்வதே எறிதல் எனப்படும் குற்றம். பொதுவாகப் பக்கவாட்டில் நிற்கும் நடுவரே அதைக் கவனிப்பார். அன்று பந்துவீச்சு முனையில் நின்ற டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோபோல் என அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளிதரனை மறுமுனைக்கு மாற்றியபோது, அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் அதே கையில் குறை எதையும் காணவில்லை. பத்து நாள்களில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் அவரை மீண்டும் தடுத்தார். முரளிதரன் மணிக்கட்டால் லெக் பிரேக் வீசிக் காட்டியும் அறிவிப்பு நிற்கவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மறுபடி கையுயர்த்தியதும் ரணதுங்க தம் அணியினரை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார்.

நடுவர்களின் உள்ளத்தில் இனவெறுப்பு இருந்தது என நிறுவும் சான்று இல்லை. 1963இல் அவுஸ்திரேலியரான இயன் மெக்கிஃபின் ஆட்டவாழ்வும் இதே குற்றச்சாட்டால்தான் முடிவுற்றது. பாகுபாட்டைத் தேடவேண்டிய இடம் தனிமனித உள்நோக்கமன்று, சந்தேகம் பங்கிடப்பட்ட முறைமை. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 1996இல் நடத்திய ஆய்வுகள், பிறவியிலேயே முழுதாக நிமிராத அவருடைய முழங்கையே எறிவது போன்ற தோற்றமயக்கத்தைத் தருகிறது என முடிவு கூறிய பின்னரும், அரங்குகளில் கூட்டம் நோபோல் எனக் கூவுவது ஓயவில்லை. 2004இல் பிரதமர் ஜோன் ஹவார்டே அவரைப் பந்து எறிபவர் எனச் சொன்ன பின்னர், அவ்வாண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தை முரளிதரன் தவிர்த்தார். அதே ஆண்டில் முழங்கை அசைய முடியாதபடி உலோகக் கம்பி பதித்த கவசத்தைக் கையில் பூட்டிக்கொண்டு, ஆஃப் பிரேக்கையும் தூஸ்ராவையும் படக்கருவி முன் வீசிக் காட்டினார். ஆஃப் பிரேக் போன்றே தோன்றி எதிர்த்திசையில் திரும்பும் பந்தே தூஸ்ரா. உலகின் தலைசிறந்த வீச்சாளர் ஒருவர் தம் நேர்மையை நிறுவக் கையைப் பூட்டிக்கொள்ள நேர்ந்தமை, இவ்விசாரணையின் தன்மையை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

இறுதியில் அளவீடே நிலைமையை மாற்றியது. அதுவரை சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகையும் வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகையும் அனுமதிக்கப்பட்டிருந்தன. அதிவேகப் படக்கருவிகளால் அளந்தபோது, ஐயத்துக்கு அப்பாற்பட்டவர்களாகக் கருதப்பட்ட பலரின் முழங்கையும் அந்த எல்லையைத் தாண்டி நிமிர்வது தெரியவந்தது. ஆகவே 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற பொது வரம்பு நடைமுறைக்கு வந்தது. முரளிதரனுக்காக விதி வளைக்கப்பட்டது என்ற கூற்று இன்றும் கேட்கிறது. அவரை அளக்கும்வரை மற்றவர்களை எவரும் அளக்கவில்லை என்பதே பொருத்தமான கூற்றாகும். 2007 டிசம்பரில் சொந்த ஊரான கண்டியில் ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைக் கடந்த அவர், 2010 ஜூலை 22இல் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றார்.

இதையொட்டி அவரைத் தமிழர் விடுதலையின் சின்னமாகவோ இன நல்லிணக்கத்தின் சின்னமாகவோ ஆக்கும் எழுத்துகள் இரண்டும் சிக்கலுக்கு உள்ளாகின்றன. 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்‌ஷவை அவர் ஆதரித்தமை தமிழரிடையே கடும் சினத்தை எழுப்ப, அவரைப் பற்றிய '800' திரைப்படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி 2020 ஒக்டோபரில் விலகினார். படம் வேறு நடிகரோடு 2023இல் வெளியானது. அச்சினத்துக்குக் காரணங்கள் உண்டு. எனினும், போர் நடந்த வடக்குக் கிழக்கின் அரசியல் மொழியை, வேறொரு சட்டத்தால் வேறொரு காலத்தில் புறந்தள்ளப்பட்ட மலையக வணிகக் குடும்பமொன்றின் மைந்தரிடம் அவ்வாறே எதிர்பார்த்தது, இரு தமிழ்ச் சமூகங்களின் வரலாறும் ஒன்றே என்ற எடுகோளின்மேல் நின்றது. எஞ்சியிருந்த நாடற்ற இந்திய வம்சாவளித் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 2003இல். முரளிதரன் தேசிய அணியில் இணைந்து அப்போது பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.