ஜிம்மி பாமரேனியன் இல்லை

தொண்ணூறுகளில் கோவையில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாயைத் தெரியாமல் இருக்காது. வெள்ளை முடி, கூரான மூக்கு, முதுகு மேல் சுருண்டு கிடக்கும் வால், காம்பவுண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நடந்தாலும் காது கிழியும் குரைப்பு. பீளமேட்டில் எங்க தெருவில் மட்டும் நாலு வீட்டில் இருந்தது. எங்க வீட்டு நாய்க்குப் பேரு ஜிம்மி. காசு கொடுத்து வாங்கினதில்லை. மூணாவது வீட்டில் குட்டி போட்டிருந்தாங்க, அம்மா கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு அந்த நாய் இப்படித்தான் வீடு வீடாகப் பரவிச்சு.

நாங்க எல்லாரும் அதை ‘பாமரேனியன்’ என்போம். காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருந்த எங்க அப்புச்சி மட்டும் ‘சடை நாய்’ என்பார். “ஏங்கண்ணு, இது ஆட்டுக்குக் காவல் இருக்குமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

ஒருமுறை ஜிம்மியைக் குளிப்பாட்டி, சீவி, ஒரு நாய் கண்காட்சிக்குத் தூக்கிட்டுப் போனோம். பதிவு மேசையில் இருந்தவர் ஒரு பார்வைதான் பார்த்தார். “இது பாம் இல்லீங்க தம்பி, கிராஸ். ஒரிஜினலுக்கு மூக்கு இவ்வளவு நீளம் இருக்காது” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஜிம்மிக்கு ஒண்ணும் தெரியாது, ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துட்டு வந்தது.

அவர் சொன்னதில் பாதி சரி. ஜிம்மி பாமரேனியன் இல்லை. ஆனா கிராஸும் இல்லை. அது இந்தியன் ஸ்பிட்ஸ். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு இருபது வருஷம் ஆச்சு.

கதை ஐரோப்பாவில் தொடங்குது. பால்டிக் கடற்கரையில், இன்றைய ஜெர்மனிக்கும் போலந்துக்கும் நடுவே இருக்கும் பகுதி பொமேரேனியா. அந்தப் பக்கத்து ஸ்பிட்ஸ் வகை நாய்கள் இரண்டை 1767-இல் இங்கிலாந்து அரசி சார்லட் வரவழைத்தார். அவை மடியில் வைக்கிற நாய்கள் அல்ல. அந்தக் காலத்து ஓவியர் கெய்ன்ஸ்பரோ வரைந்த பொமேரேனியன்களைப் பார்த்தால் தெரியும், நல்ல வாட்டசாட்டமான நாய்கள். அதைச் சுருக்கிய பெருமையில் பெரும்பங்கு சார்லட்டின் பேத்தி விக்டோரியா அரசிக்கு. 1888-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் போனவர் மார்கோ என்ற சின்ன நாயோடு திரும்பினார். எடை ஐந்தரை கிலோவுக்குள். அரசி வளர்த்தால் ஊரே வளர்க்கும் இல்லையா? 1891-இல் இங்கிலாந்தில் பொமேரேனியனுக்குத் தனிச் சங்கமே வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் குட்டை நாயையே குட்டை நாயோடு சேர்த்துச் சேர்த்து, இன்றைக்கு அது இரண்டு மூன்று கிலோ பொம்மையாக நிக்குது.

இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மனிக்காரர்கள் பொமேரேனியனைத் தனி இனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் ஏட்டில் ‘ஜெர்மன் ஸ்பிட்ஸ்’ என்று ஒரே இனம்தான். அதில் ஐந்து அளவுகள். ஐந்தில் கடைக்குட்டிதான் பொமேரேனியன். ஒரே நாய் ஒரு நாட்டில் தனி இனம், இன்னொரு நாட்டில் ஓர் அளவு. ‘ஒரிஜினல்’ என்பது நாயின் ரத்தத்தில் மட்டும் இல்லை, அதை எழுதி வைக்கிற நோட்டிலும் இருக்கு.

அந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழி வந்த நாய்களைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போனார்கள், நாய்கள் தங்கிவிட்டன. நம்ம வெயிலையும் நம்ம தயிர்ச்சோற்றையும் தாங்கிய நாய் குட்டி போட்டது, தாங்காதது போயிடுச்சு. இப்படித் தலைமுறை தலைமுறையாக வந்ததில் மூக்கு கொஞ்சம் நீண்டது, காது பெரிதானது, உடம்பு உறுதிப்பட்டது. சின்ன வகை ஐந்திலிருந்து ஏழு கிலோ. பெரிய வகை பன்னிரண்டு கிலோவுக்கு மேலே. எண்பது தொண்ணூறுகளில் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கஷ்டம், அதனால் நடுத்தர வீடுகளில் இதன் ராஜ்ஜியம்தான். 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹை கோன்’ இந்திப் படத்தில் கிரிக்கெட் அம்பயர் வேலை பார்க்கும் டஃபி ஞாபகம் இருக்கா? அதுவும் இந்த நாய்தான்.

சரி, இவ்வளவு பேர் வளர்த்த நாய்க்கு ஏன் சொந்தப் பேர் நிலைக்கவில்லை?

இதற்கு விடை எனக்கு அப்புச்சி ஊரில்தான் கிடைத்தது, நாயிடம் இல்லை, மாட்டிடம். காங்கேயம் மாடு இன்றைக்கு உலகம் அறிந்த இனம். கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாசம் போல ஆனதும் மயிலைக்கு மாறும் என்பது வரைக்கும் புத்தகத்தில் இருக்கு. அது தானாக வந்ததில்லை. பாளையக்கோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெரிய மந்தை வைத்து, காளையைத் தேர்ந்து, தலைமுறையாகப் பேணினார். லிட்டில்வுட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1936-இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஒரு மண், ஒரு ஆள், ஒரு ஏடு. மூன்றும் சேர்ந்தால் இனம்.

நாய்களுக்கும் அதே கணக்குதான். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். 2020-இல் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பேர் சொல்லிப் பேசினார். கால்நடை இனங்களைப் பதியும் கர்னால் தேசிய நிறுவனத்தின் ஏட்டில் முதலில் ஏறிய மூன்று நாய்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். பேரைப் பாருங்க, மூன்றும் ஊர்ப்பேர். வேட்டைக்குப் போன நாய்கள், ஜமீனும் சமஸ்தானமும் பேணிய நாய்கள்.

எங்க ஜிம்மிக்கு ஊர் இல்லை. வேட்டைக் கதை இல்லை. ஜமீன் இல்லை. வளர்த்ததெல்லாம் மில் தொழிலாளி, வாத்தியார், பேங்க் கிளார்க். யாரும் ஏடு எழுதவில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா 1908-இலிருந்து இருக்கு, தலைமையிடம் நம்ம சென்னையிலேயே இருக்கு. கண்காட்சிகளில் இந்தியன் ஸ்பிட்ஸுக்குச் சின்னது, பெரியது என்று இரண்டு பிரிவும் வைத்தார்கள். ஆனா எஃப்.சி.ஐ. பட்டியலில் அந்தப் பேர் இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2003-இல் ஒரு மொபைல் விளம்பரத்தில் பக் நாய் வந்தது, எல்லாருக்கும் பக் வேணும். அப்புறம் லாப்ரடார், அப்புறம் ஹஸ்கி. இந்த வெயிலில் ஹஸ்கி! எங்க தெருவில் இன்றைக்கு ஒரு ஸ்பிட்ஸ்கூட இல்லை. மிச்சம் இருப்பதையும் ‘பாம்’ என்ற பேரில் விற்பதற்காகச் சின்ன பொமேரேனியனோடு சேர்க்கிறார்கள். பேர் உள்ளது அருகினால் நாலு பேர் மீட்க வருவாங்க, காங்கேயத்துக்கு வந்த மாதிரி. பேர் இல்லாதது கரைஞ்சு போனா, போனதே தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல் நம்ம வெயில் செதுக்கி எடுத்த நாய் இது, தமிழ்நாட்டுச் சூட்டிலும் ஏசி இல்லாம திண்ணையில் படுத்துக்கிட்டது. அந்த உறுதியைத் திரும்பச் செய்யணும்னா இன்னொரு நூறு வருஷம் வேணும்.

ஜிம்மி பதினாலு வருஷம் இருந்தது. பின்னாடி கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அதோட தடுப்பூசி அட்டை இன்னும் அம்மாவோட பீரோவில் இருக்கு. ‘இனம்’ என்ற இடத்தில் டாக்டர் ‘பாமரேனியன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கார்.

போன வருஷம் திருப்பூரில் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு குட்டி கொண்டுவந்தேன். வெள்ளைதான், நீள மூக்குதான். ஊசி போட்ட டாக்டரம்மா, “பாம் தானுங்களே?” என்று கேட்டுக்கிட்டே பேனாவை எடுத்தாங்க.

“இல்லைங்க டாக்டர், இந்தியன் ஸ்பிட்ஸ்னு எழுதுங்க” என்றேன்.

எழுதினாங்க. கேள்விக்குறி போடவில்லை.