350 ரூபாய் அடாப்டரும் கால் நூற்றாண்டு வரலாறும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு உங்களில் சிலர் பணம் போட்டு, லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் நம் படிப்பகத்தில் வைஃபை வைத்தீர்கள். அரை கிலோமீட்டர் தள்ளி நம் மாணவர் ஒருவரின் கடை மாடியில் ஒரு சின்ன டிஷ். அதைப் பார்த்தபடி படிப்பக மாடியில் இன்னொரு டிஷ். கீழே சுவரில் ஒரு ரவுட்டர். கடைக்கு வந்த பிராட்பேண்ட், காற்று வழியாகவே படிப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியது நான்தான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். படிக்கட்டில் ஒரு சிறுமி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு செல்போன்.

"ஏன் கண்ணு, நெட் நல்லா வருதா?"

"வராதுங்க சார். நாலு மாசமாச்சுங்க. சனிக்கெழமை அப்பாவுக்குச் சம்பளம் போட்டாத்தான் ரீசார்ஜ் பண்ணுவாங்க."

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். அவள் அக்கா பிளஸ் டூ பாஸ். கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் விஷயமே தெரிந்ததாம். இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள்.

வைஃபை இல்லாததுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு மாதத்தில் அந்த வழியாக நான் எத்தனையோ தடவை நடந்து போயிருக்கிறேன். மாடியில் டிஷ் நிற்பதைப் பார்த்து, எல்லாம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் நெட் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். இருபது நிமிடத்தில் சரி செய்துவிட்டார். பழுது என்னவென்று தலைப்பிலேயே இருக்கிறது. நான் வரலாறு நடத்தியவன் அல்லவா, இதுபோல முன்னால் எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று தேடிப் படித்தேன். நம் தமிழ் மண்ணிலேயே மூன்று ஊர்க் கதைகள் கிடைத்தன.

முதல் கதை புதுச்சேரி. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில். கிராமங்களில் அப்போது டெலிபோனே அபூர்வம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. டெலிபோன் கம்பி சரியில்லாத ஊர்களுக்கு, போலீஸ் ஜீப்பில் இருக்குமே, அந்த மாதிரி இருவழி ரேடியோ மூலமாகவே கணினித் தகவலை அனுப்பினார்கள். கரண்ட் நம்ப முடியாது என்பதால் சூரியத் தகடும் வைத்தார்கள். எம்பலம் கிராமத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது.

வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து அங்கே அனுப்புவார்கள். அதை ஒலிபெருக்கியில் தமிழில் வாசிப்பார்கள். கணினியையே தொடாத மீனவருக்கும் இணையம் காதில் வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, இதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. அன்றைக்குக் காப்பாற்றியது ஒரு போன் அழைப்பும் ஒலிபெருக்கியும்தான். ஆனால் அந்த ஒலிபெருக்கியைத் தினமும் ஓடும் நிலையில் வைத்திருந்தார்கள். அதை எங்கே போய் இயக்குவது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது கதை மதுரைக்குப் பக்கத்தில் மேலூர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு டெலிபோன் இணைப்பு கொடுக்க அப்போது 30,000 ரூபாய்க்கு மேல் செலவு. அதை 10,000 ஆக்கினால்தான் சாதாரண வீட்டுக்குப் போன் வரும். குழி தோண்டிக் கம்பி பதிப்பதை விட்டுவிட்டுக் காற்று வழியே இணைப்புக் கொடுக்க, மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற முறையை உருவாக்கினார்கள்.

ஊருக்கு நடுவே ஒரு கோபுரம். அதைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை இணைப்பு. கிராமத்து வீட்டின் மேல் ஒரு கம்பம் நட்டு, அதன் ஆண்டெனாவைக் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். நடுவில் மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது. உள்ளே சுவரில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரே நேரத்தில் போனும் பேசலாம், நெட்டும் பார்க்கலாம். வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இப்போது நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு மெகாபைட் படம், 35 கிலோபிட்டில் போய்ச் சேர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

2001 வாக்கில் இதை வைத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டம் வந்தது. ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்திருந்தன. என்-லாக் என்ற நிறுவனம் இணைப்புக் கொடுத்தது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் கணினி, பிரிண்டர், பேட்டரி, ஆண்டெனா வாங்கிக் கடை போட்டார்கள். ஏறக்குறைய 80 நிலையங்கள் வந்தன. சாதிச் சான்று, வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸுக்கு அலையாமல் ஊரிலிருந்தே விண்ணப்பித்தார்கள். நோய் வந்த வெண்டைச் செடியைப் படம் பிடித்து வேளாண்மைக் கல்லூரிக்கு மெயிலில் அனுப்பினார்கள். உலகமே வந்து பார்த்துப் பாராட்டியது.

2005 வாக்கில், தனி நபர்கள் சொந்தமாக நடத்தியவற்றில் பெரும்பாலானவை மூடிக் கிடந்தன. பின்னால் ஆராய்ந்தவர்கள் காரணங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். வருமானம் போதவில்லை. ஆர்வமான அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ் வேலை படுத்துவிட்டது. பழுது வந்தபோது தொடர்ந்து கை கொடுக்க ஆளில்லை. அந்த 50,000 ரூபாய் பலருக்குக் கடன். படிக்கும்போது எனக்கு நம் ஊரில் நாலு மிஷின் போட்டு நொடித்துப்போனவர்கள் ஞாபகம்தான் வந்தது.

மூன்றாவது கதை தேனி. கண் மருத்துவத்துக்கு மதுரை அரவிந்த் மருத்துவமனையைத் தெரியாதவர் இல்லை. தேனியில் உள்ள அவர்கள் மருத்துவமனையோடு அம்பாசமுத்திரம் (திருநெல்வேலிச் சீமையில் இருப்பது அல்ல, தேனிப் பக்கத்துக் கிராமம்), போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி ஊர்களின் கண் மையங்களை இணைக்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் பிரூவர் குழு வந்தது. கையில் எடுத்தது வீட்டில் நாம் வைத்திருக்கும் அதே வைஃபை.

ஒரு வீட்டுக்குள் ஓடும் வைஃபையை 15 கிலோமீட்டர் எப்படி அனுப்புவது? டார்ச் வெளிச்சத்தைக் குவிப்பது போல டிஷ் வைத்துக் குவித்தால் போகும். ஆனால் சாதாரண வைஃபை ஒரு தகவலை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். 15 கிலோமீட்டருக்கு அலை போகவே ஒரு விநாடியில் 20,000-ல் ஒரு பங்கு நேரம் ஆகிறது, திரும்பி வர அதே அளவு. பதில் வருவதற்குள் "போய்ச் சேரவில்லை" என்று நினைத்து மறுபடியும் அனுப்பும். இணைப்பு திணறிவிடும். அதனால், நீ இவ்வளவு நேரம் பேசு, பிறகு நான் பேசுகிறேன் என்று இரு முனைகளுக்கும் முறை வைத்து மென்பொருளை மாற்றி எழுதினார்கள். கிராமத்தில் இருக்கும் நோயாளியைத் தேனி டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசினார். கண்ணாடி போட்டால் போதும் என்பவர்கள் பஸ் ஏற வேண்டியதில்லை.

அரசாங்க விதியும் அப்போதுதான் இளகியது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு இமயமலையில் தர்மசாலாவிலும் இப்படி ஒரு வலை கட்டினார்கள். அங்கே ஆண்டெனாவில் குரங்கு ஏறி ஆடுமாம்.

பெர்க்லி குழு 2008-ல் எழுதிய கட்டுரையைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வைஃபை அலையைவிட அவர்களைப் படாதபாடு படுத்தியது கரண்ட். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 70-க்குக் கீழே இறங்குகிறது, 350-க்கு மேலே ஏறுகிறது, சில நொடித் துடிப்புகள் 1,000 வோல்ட்டைத் தொடுகின்றன. அடாப்டர் எரிகிறது. குறைந்த வோல்டேஜில் ரவுட்டர் உயிரோடும் இல்லாமல் சாவும் இல்லாமல் விறைத்து நிற்கிறது. நினைவு அட்டையில் எழுதியது அழிகிறது. மையத்தில் இருப்பவருக்கு எது பழுதென்று தெரியாமல் நல்ல பெட்டியைக் கழற்றுகிறார். அதற்கு அவர்கள் கண்ட வழி இரண்டு. வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியைச் சேர்த்தார்கள். மருத்துவமனையின் சொந்த ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன பிறகும் இணைப்பு ஓடியது.

நம் ஊருக்கு இது புதிதா? திருப்பூருக்குப் பழைய நிட்டிங் மிஷின்கள் எங்கெங்கிருந்தோ வந்தன. ஊசி ஒன்று உடைந்தால் துணியில் கோடு விழும். உடனே மிஷினை நிறுத்துவோம். பக்கத்துத் தெருவில் மெக்கானிக் இருப்பார். அதனால்தான் அந்த மிஷின்கள் ஓடின. படிப்பகத்து வைஃபைக்குக் கோடு விழுந்தபோது பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான்.

இனி நம் மாணவர் அன்று எப்படிப் பார்த்தார் என்று சொல்கிறேன். நானும் கற்றுக்கொண்டேன். முதலில் செல்போனில் வைஃபை பெயர் தெரிகிறதா என்று பார்த்தார். பெயர் தெரிந்தது, சேரவும் முடிந்தது, நெட் மட்டும் இல்லை. "அப்ப கீழே இருக்கற ரவுட்டர் நல்லாத்தாங்க சார் இருக்குது. கோளாறு மேலேதான்" என்றார். கடைக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே நெட் ஓடுகிறது. ஆக இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில்தான் பழுது. மாடிக்குப் போனோம். நடுவில் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறதா, வேப்பமரம் வளர்ந்திருக்கிறதா, காற்றில் டிஷ் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. டிஷ்ஷில் விளக்கு மட்டும் எரியவில்லை. கீழே வந்து அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணியாகக் கிடந்தது. "அடாப்டர் போயிருச்சுங்க சார். வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்." புதிது 350 ரூபாய். மாட்டிய இரண்டு நிமிடத்தில் விளக்கு எரிந்தது.

நாலு மாதம் பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. குத்துவிளக்கு ஏற்றிய நானே, பழுதானால் யாரிடம் சொல்வது என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

2020 டிசம்பரில் மத்திய அரசு பி.எம்.-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பழைய எஸ்.டி.டி. பூத் போல, டீக்கடைக்காரரும் லைசென்ஸ் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். நல்லது. ஆனால் எஸ்.டி.டி. பூத்தில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது வேண்டுகோள். பணம் வேண்டாம். "சார், புது ரவுட்டர் வாங்கித் தர்றேன்" என்று சிலர் போன் செய்வீர்கள் என்று தெரியும். ஒரு உபரி அடாப்டரும் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸும் என் பென்ஷனிலேயே வாங்கி வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஆள். பக்கத்தில் இருப்பவர்கள் நாலு பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முறை வைத்துப் படிப்பகத்துக்கு வர வேண்டும். விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று சுவரில் ஒரு எண் எழுத வேண்டும். முதல் ஞாயிறு என்னுடையது. மாடிப்படி ஏற முழங்கால் வலிக்கும், பரவாயில்லை.

படிக்கட்டில் இருந்த அந்தச் சிறுமிக்கும் நம் மாணவர் பழுது பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அவள் அக்காவை அடுத்த வருஷச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முறை எடுத்துக்கொள்பவர்கள் கீழே பெயர் சொல்லுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்