மதம் மாறாத மணமகள்: துலுக்க நாச்சியார் கதையும் கலப்பு மணத்தின் விலையும்

திருவரங்கத்துத் துலுக்க நாச்சியார் கதையை இதுவரை பெரும்பாலும் இரண்டு வகையாக வாசித்திருக்கிறார்கள். இந்து முஸ்லிம் இணக்கத்துக்கு அது இடைக்காலச் சான்று என்பது ஒரு வாசிப்பு. படையெடுப்பில் நொந்தவர்கள் வென்றவனின் மகளைத் தங்கள் பெருமாளுக்கு மனைவியாக்கிக் கற்பனையில் பழி தீர்த்துக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டன: மணமகள் மதம் மாறினாளா? மாறவில்லை என்பதும், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதும் என் வாதம். இன்று இந்து முஸ்லிம் திருமணம் குறித்த சண்டையெல்லாம் மதமாற்றத்தைச் சுற்றியே நடப்பதால், இந்த விடுபடல் சிறியதன்று.

கதைக்குப் பெரிய ஆதாரம் திருவரங்கக் கோயிலின் மரபு வரலாறான கோயிலொழுகு. தில்லிப் படை கொண்டுபோன அரங்கத்து உற்சவர் அழகிய மணவாளரின் திருமேனியை அரசன் மகள் சுரதானி, பின்னாளில் துலுக்க நாச்சியார் எனப்பட்டவள், தன் அறையில் வைத்துக்கொள்கிறாள். கரம்பனூர்ப் பெண் பின்சென்றவல்லி வழிகாட்ட, அரங்கத்தார் தில்லிக்குப் போய் ஆடிப்பாடி அரசனை மகிழ்வித்துத் திருமேனியை மீட்கிறார்கள். பிரிவு தாங்காத சுரதானி பின்தொடர்ந்து அரங்கம் வந்து, பெருமாளைக் காணாமல் உயிர் துறக்கிறாள். இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஒழுகு ஒரே காலத்தில் ஒருவர் எழுதிய நூலன்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வளர்ந்தது. அதற்கு முந்திய உறுதியான சான்று திருவரங்கத்துக் கல்வெட்டு. சகம் 1293, அதாவது கி.பி. 1371இல், விஜயநகரத் தளபதி கோபணாரியர் துலுக்கரை வென்று, திருமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திருமேனியைக் கொண்டுவந்து மீண்டும் எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. போர் உண்டு, மீட்பு உண்டு, இளவரசி இல்லை. கல்வெட்டின் மௌனம் தன்னளவில் எதையும் நிறுவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போரின் நினைவு பச்சையாக இருந்தபோது தேவைப்படாத ஒரு மணமகள் பிற்காலத்தவருக்குத் தேவைப்பட்டிருக்கிறாள் என்று கொள்வதே பொருத்தம். எனவே இந்தக் கதையைப் பதினான்காம் நூற்றாண்டுச் செய்தியாக அன்றி, அந்த நூற்றாண்டைப் பற்றிப் பின்வந்தவர்கள் எண்ணிப்பார்த்ததாக வாசிக்க வேண்டும்.

அப்படி வாசிக்கும்போது ஏட்டைவிட வழிபாட்டு முறைக்கு எடை கூடுகிறது. இராசமகேந்திரன் திருச்சுற்றில் நாச்சியாருக்குச் சிலை இல்லை; சுவரோவியமாகவே இருக்கிறாள். அவளுக்காகக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன. பெருமாளுக்கே திருமஞ்சனத்தில் கைலி உடுத்தும் வழக்கம் அவள் பொருட்டு வந்தது என்கிறது மரபு. பழிதீர்க்கும் கற்பனை என்ற வாசிப்பு இங்கே நிற்காது. பழி தீர்ப்பவன் கொண்டுவந்த பெண்ணின் பெயரை மாற்றுவான், உணவை மாற்றுவான், உடையை மாற்றுவான். அரங்கத்திலோ பெண் மாறவில்லை; மாப்பிள்ளை பெண்வீட்டு உடையைக் கட்டிக்கொள்கிறார். ‘நாச்சியார்’ என்ற பட்டம் சேர்ந்த பிறகும் ‘துலுக்க’ என்ற அடைமொழி உதிரவில்லை. இது தெய்வத்தின் கல்யாணம், மனிதருக்குப் பொருந்தாது என்பார்கள். தெய்வத்தின் கல்யாணத்தை வைத்தே மனிதரின் கல்யாணத்தைப் பேசிய மரபு நம்முடையது என்பதால் அந்த ஆட்சேபத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

இணக்கத்தின் சான்று என்ற வாசிப்பையும் நான் ஏற்கவில்லை. பழைய தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் முஸ்லிமான முத்தால் ராவுத்தர் காவல் தெய்வமாக நிற்கிறார். முஸ்லிம் ஆணுக்கு மரபு தந்த இடம் வாசற்காவல்; மருமகன் என்ற இடமன்று. முஸ்லிம் பெண்ணுக்கு மனைவி என்ற இடம் கிடைத்தது, ஆனால் உயிர் போன பிறகு. அவளுக்குப் பிள்ளை இல்லை, சொத்து இல்லை, சம்பந்தி வீடு இல்லை. வம்சம், சொத்து, உறவு என்று குடும்பங்கள் எவற்றுக்கு அஞ்சுகின்றனவோ அவற்றையெல்லாம் கழித்த பின்னரே மரபு அவளை ஏற்றது. மதம் மாறாத மணமகளைக் கற்பனை செய்யும் துணிவு அந்த மரபுக்கு இருந்தது. அவள் உயிரோடு குடித்தனம் நடத்துவதைக் கற்பனை செய்யும் துணிவு இல்லை.

நம் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில் தயங்குகிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்காகத் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவும் இரண்டு இந்துக்களுக்கே உரியது. இந்துப் பெண் மதம் மாறாமல் முஸ்லிமை மணந்தால் முஸ்லிம் தனிச்சட்டப்படி அது முறையற்ற திருமணம்; செல்லாத திருமணமன்று, பிள்ளைக்குத் தந்தையின் சொத்தில் பங்கு உண்டு என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைக்குக் கிடைக்கும் வாரிசுரிமை அந்த மனைவிக்குக் கிடையாது. இருவரும் மாறாமல் மணக்க முழு வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஒன்றுதான். அதுவும் அலுவலகத்தில் அறிவிப்பை ஒட்டி முப்பது நாள் காக்கவைக்கிறது. மோசடியைத் தடுக்க அந்த அவகாசம் வேண்டும் என்கிறார்கள். முன்திருமணத்தையும் வயதையும் ஆவணங்களைக் கொண்டே சரிபார்க்கலாம். ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. தேடிவரும் உறவினருக்கு அந்த அறிவிப்பு முகவரிச் சீட்டாகிறது.

முகவரி தெரிந்தால் என்ன நேரும் என்பது கடலூர் மாவட்டத்து மங்களூர், விருத்தாசலம் வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத செய்தி. 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஓர் இணையரைப் பெண்ணின் குடும்பத்தார் தேடிப் பிடித்து, ஜூலை 8 அன்று விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் நஞ்சு புகட்டிக் கொன்றார்கள். இருவரும் இந்துக்கள், சாதி வேறு. இதை மதக் கலப்பு மணத்துக்கு உதாரணமாக்கலாமா என்று கேட்கலாம். ஆக்கியே தீர வேண்டும் என்பேன்: மதம் ஒன்றாக இருந்தும் அவர்கள் உயிர் தப்பவில்லை என்றால், குடும்பம் காத்தது மதத்தை அன்று, வம்சத்தின் மீதான தன் பிடியை. மதம் மாறிவிட்டால் சிக்கல் தீரும் என்று இரு தரப்பிலும் சொல்லப்படும் சமாதானம் இங்கே பொய்த்துப்போகிறது. அந்தக் கொலைக்குக் கடலூர் நீதிமன்றம் பதின்மூன்று பேருக்குத் தண்டனை வழங்கியது 2021 செப்டம்பரில். பதினெட்டு ஆண்டுகள் கழித்து. செத்த மணமகளுக்குச் சுவரில் இடம் கொடுக்க நம் மரபு அறிந்திருந்தது. உயிரோடிருக்கும் மணமகளுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே நமக்கு மிஞ்சியிருக்கும் கடமை.