சாராயமா, கொயினாவா?
பெரியாறு அணையின் காய்ச்சல் சொல்லும் பாடம்

தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபுறமும் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள். கூடலூரைத் தாண்டினால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்குக்கு 2013ஆம் ஆண்டில் அங்கே மணிமண்டபம் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் வீடுகள் பல. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தவர்களும் உண்டு.

பென்னிகுவிக்கை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த அணைக்கு வடக்கே, காட்டுக்குள், ஓர் இடுகாடு இருக்கிறது. அணை கட்டும்போது நோயால் இறந்த 483 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. அவர்களைப் பற்றி நாம் என்ன அறிவோம்? அவர்கள் எந்த மருந்தை நம்பினார்கள்? அந்த நம்பிக்கை சரிதானா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், இன்று நாம் மருந்துக் கடையில் வாங்கும் ஒரு மாத்திரையைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

காட்டில் காத்திருந்த காய்ச்சல்

அணை வேலை 1887இல் தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில், மனிதர் குடியிருக்காத அடர்ந்த காடு அது. சென்னைப் பயனீர் படைவீரர்களும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்களும், கூலித் தொழிலாளரும் அங்கே பாடுபட்டனர். வெள்ளமும் யானையும் ஒருபுறம் அச்சுறுத்த, கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று மறுபுறம் காத்திருந்தது. அதுதான் மலைக்காய்ச்சல் என்று மக்கள் அழைத்த மலேரியா.

இந்த நோயை உண்டாக்கும் நுண்ணிய ஒட்டுயிரியை 1880இல், அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லவெரான் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது மனிதனுக்குள் எப்படிப் புகுகிறது என்பது யாருக்கும் தெரியாது. கொசுவின் வயிற்றில் அதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டு 20ஆம் நாள். அதாவது, அணை திறக்கப்பட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து! காட்டின் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று எண்ணிய காலத்தில், கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சாராயம் என்ற மருந்து

அப்படியானால் முகாமில் எதை மருந்தாக நம்பினார்கள்? நாட்டுச் சாராயத்தை! அதன் மருத்துவ குணம் மட்டும் கைகொடுக்காமல் போயிருந்தால் அணை கட்டி முடிந்தே இருக்காது என்ற பொருள்படும் குறிப்பு ஒன்று அணையின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

சிரிக்க வேண்டாம். அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். மலேரியா பெரும்பாலும் முறைக்காய்ச்சலாக வரும். முதல்நாள் உடல் கிடுகிடுவென்று நடுங்கும். பிறகு அனலாய்க் கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கிவிடும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். அதற்கு அடுத்த நாள் மீண்டும் நடுக்கம். இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் ஒட்டுயிரிகள் 48 மணிக்கு ஒருமுறை அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வருவதால் ஏற்படும் முறை இது.

இப்போது ஒருவர் நடுக்கம் கண்ட மாலையில் சாராயம் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு வியர்க்கிறது, காலையில் காய்ச்சல் இல்லை. ‘சாராயம் கேட்டது’ என்கிறார். உண்மையில் அவர் வெந்நீர் குடித்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்!

இன்னொரு மயக்கமும் உண்டு. முகாமில் தொடர்ந்து வேலை செய்தவர்களைப் பார்த்தால் சாராயம் குடித்தவர்களாக இருந்திருப்பார்கள். ஆனால் அதைக் குடித்தும் நோய் முற்றி ஊர் திரும்பியவர்களும், இடுகாட்டுக்குப் போனவர்களும் கண்ணில் படமாட்டார்கள் அல்லவா? தப்பியவரை மட்டும் எண்ணினால் எந்தப் பொருளும் மருந்தாகத்தான் தோன்றும்.

இந்த இரண்டு மயக்கங்களிலிருந்தும் தப்ப வழி ஒன்று உண்டு. ஒரே நோயுடையவர்களைப் பிரித்து, வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்து, ஒருவரையும் விடாமல் எண்ணி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வியப்பு என்னவென்றால், பெரியாற்றில் வேலை தொடங்குவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, இதே சென்னை மாகாணத்தில் அப்படி ஒரு சோதனை நடந்திருந்தது.

சென்னையில் எண்ணிப் பார்த்தார்கள்

தென் அமெரிக்க மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலார் அந்தப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் சின்கோனாவைத் தென் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவர, உதகமண்டலத்தில் மக்ஐவர் அதைப் பயிராக்கினார்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அந்தப் பட்டையில் கொயினா மட்டும் இல்லை. கினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று அதன் உறவுப்பொருள்கள் மூன்றும் இருந்தன. இவற்றின் மதிப்பு என்ன? கொயினா மட்டுமே மருந்தென்றால் மற்றவற்றை எறிய வேண்டியதுதான். அவையும் பயன்படுமென்றால் ஏழைகளுக்கு மலிவான மருந்து கிடைக்கும்.

இதை முடிவு செய்ய 1866இல் அரசு குழுக்களை அமைத்தது. சென்னைக் குழுவின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 2,472 நோயாளிகள். கொயினா பெற்றவர்கள் 846 பேர், கினிடின் 664, சின்கோனின் 559, சின்கோனிடின் 403. இவர்களில் 2,445 பேருக்குக் காய்ச்சல் நீங்கியது. 27 பேருக்கு மட்டும் நீங்கவில்லை. ஆயிரத்துக்கு எத்தனை தோல்வி என்று கணக்கிட்டால், கினிடினுக்கு 6, கொயினாவுக்கு 7, சின்கோனிடினுக்கு 10, சின்கோனினுக்கு 23.

ஆகவே நான்குமே மருந்துதான். ஆனால் நான்கும் சமமல்ல. இந்த முடிவின் பயனாகப் பட்டையிலுள்ள எல்லாப் பொருள்களும் கலந்த மலிவான காய்ச்சல் மருந்து பின்னர் வங்காளத்தில் தயாராயிற்று. 1892 முதல் அங்கே அஞ்சலகங்களிலேயே கொயினாப் பொட்டலம் விற்கத் தொடங்கினார்கள். சாராயத்தைப் பற்றி அப்படி ஒரு கணக்கை எவரும் எடுக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கேட்க மறந்த கேள்வி

சரி, எண்ணிப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. சென்னைக் குழு கேட்ட கேள்வி, ‘காய்ச்சல் நின்றதா?’ என்பது. ‘ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்ததா?’ என்பது வேறு கேள்வி.

மலேரியா ஒட்டுயிரிகளில் வைவாக்ஸ் என்று ஒரு வகை உண்டு. கொசு கடித்ததும் அது முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. அங்கே ஒரு பகுதி விழித்தெழுந்து இரத்தத்துக்குள் பாய்கிறது. மறுபகுதி ஈரலிலேயே உறங்கிக் கிடக்கிறது. கொயினா இரத்தத்திலுள்ள ஒட்டுயிரியைக் கொல்லும், உறங்குவதைத் தொடாது. மலையில் காய்ச்சல் கண்டு, மருந்து உண்டு, குணமாகி ஊர் திரும்பிய ஒருவர் மாதக்கணக்கில் கழித்து மீண்டும் நடுங்குவதற்கு இதுவே காரணம். இந்த உறங்கும் வடிவத்தை அறிவியலார் நேரில் இனங்கண்டது 1980களின் தொடக்கத்தில்தான்.

இந்த உறக்கத்தைக் கலைக்காமலே கொல்லும் பிரைமாகுயின் என்ற மருந்து 1950களில் பயனுக்கு வந்தது. ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை. சிலருடைய சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை. நம் நாட்டு முறைப்படி வைவாக்ஸ் காய்ச்சலுக்குக் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால், ‘இனி எதற்கு மாத்திரை?’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அவர்கள் ஈரலில் விருந்தாளியைத் தங்க வைக்கிறார்கள்!

ஒரே வேளையில் இந்த வேலையை முடிக்கும் டாஃபெனோகுயின் என்ற மருந்துக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதற்கும் முதலில் நொதிச் சோதனை கட்டாயம். மற்றொரு வகையான ஃபால்சிபாரம் மலேரியாவைத் தடுக்கும் ஆர்21 என்ற தடுப்பூசியைப் புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. அதை 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. வைவாக்ஸுக்கான தடுப்பூசியோ இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

அதே மாத்திரை, வேறு நோய்

‘ஒப்புதல் பெற்ற மருந்து’ என்ற சொல்லை நாம் பொதுப்படையாகப் பயன்படுத்துகிறோம். அது தவறு. ஒரு மருந்து குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்டவர்களுக்கு ஒப்புதல் பெறுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் அது மீண்டும் சோதனைப் பொருளே.

2020இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குளோரோகுயினின் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் நன்கு அறியப்பட்ட மருந்து. அது கொரோனாவையும் போக்கும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. கடைகளில் மாத்திரை தீர்ந்துபோனது. அதை நம்பியிருந்த முடக்குவாத நோயாளிகள் அலைந்தார்கள். கொரோனா கண்ட பெரும்பாலானவர்கள் எந்த மாத்திரையும் இல்லாமலே தேறினார்கள். ஆகவே மாத்திரை உண்டவர் தேறியதும், ‘மாத்திரை கேட்டது’ என்றார்! பெரியாற்று முகாமின் சாராயம் நினைவுக்கு வரவில்லையா?

பிரிட்டனில் எண்ணிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் இருந்த கொரோனா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 1,561 பேருக்கு அந்த மாத்திரையும் 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமும் கொடுத்தார்கள். 28 நாள்களுக்குள் இறந்தோர், மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 27, உண்ணாதவர்களில் 25. பயன் இல்லை என்பது தெளிவாயிற்று.

நம் நாட்டில் இன்று புதிய மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்க அரசு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டும். அறநெறிக் குழு இசைய வேண்டும். பங்கேற்பவர் விளக்கம் பெற்று எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். 2009 முதல், சோதனை தொடங்கும் முன்பே அதைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வதும் கட்டாயம். தோல்வியை மறைத்து வெற்றியை மட்டும் காட்ட இடம் தரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

ஆகவே, ‘இந்த மருந்து கைகண்டது’ என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நோய்க்கு? எதனோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை நாள் கவனித்தார்கள்? காய்ச்சல் கண்டால் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியாச் சோதனைக்குக் கட்டணமில்லை. மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையை உண்ணுங்கள்.

அணைக்கு வடக்கே உறங்குபவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்க வாய்ப்பில்லாத காலத்தில் வாழ்ந்தார்கள். அவர்கள் திருப்பிவிட்ட தண்ணீரில் விளைந்த சோற்றை உண்ணும் நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.