ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் கருத்துரையாடல்

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பிரிவில் மூன்றாவதும் கடைசியுமாக வருவது கருத்துரையாடல். தேர்வர் தன் சொந்தக் கதையை விட்டுவிட்டு, கல்வி, வேலை, குடும்பம், சுற்றுச்சூழல், அரசின் கடமை போன்ற பொது விஷயங்களை மதிப்பீட்டாளரோடு நான்கைந்து நிமிடம் விவாதிக்க வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் இந்தத் தேர்வு 1989இல் தொடங்கியது. பேச்சுப் பிரிவு இன்றைய மூன்று பகுதி வடிவத்துக்கு 2001இல் வந்தது. மொத்த நேரம் 11 முதல் 14 நிமிடம்.

முதல் பகுதியில் ஊர், படிப்பு, பொழுதுபோக்கு பற்றிய எளிய கேள்விகள் வரும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். அந்த அட்டையின் பொருளிலிருந்துதான் மூன்றாம் பகுதிக் கேள்விகள் கிளைக்கும். அட்டை ‘நீங்கள் அடிக்கடி போகும் ஒரு கடை’ என்று கேட்டிருந்தால், அடுத்து ‘சிறு கடைகள் அழிந்தால் ஒரு சமூகம் எதை இழக்கும்?’ என்று வரலாம். முதல் பகுதிக் கேள்விகளை மதிப்பீட்டாளர் அச்சில் உள்ளபடியே கேட்க வேண்டும். மூன்றாம் பகுதியில் அவருக்குச் சுதந்திரம் உண்டு. கேள்வியை மாற்றிக் கேட்பார், சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு ‘ஏன்?’ என்பார், எதிர்க்கருத்தை முன்வைப்பார். மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

வேலந்தாவளம் போன்ற ஊர்களில் இந்த நான்கைந்து நிமிடம் வெளிநாட்டு வேலைக்கு முயலும் பலருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள ஊர் அது. வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இவர்கள் அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. பள்ளிப்படிப்பைத் தமிழ் வழியிலேயே முடிக்கவும் வழியுண்டு. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அப்படி வளர்ந்து, நர்சிங் முடித்து, பிரிட்டனில் வேலைக்குப் பதிவு செய்ய நினைப்பவரிடம் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் பேச்சில் 7 மதிப்பெண் கேட்கிறது. கேட்டலிலும் வாசிப்பிலும் அதே 7, எழுத்தில் மட்டும் 6.5. கருத்துக் கேள்விகளைக் கண்டு அஞ்சுபவர்கள் மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் போவதும் உண்டு. அதில் நோயாளியிடம் பேசுவது போன்ற இரண்டு நடிப்புக் காட்சிகள் இருக்கும், பொது விவாதம் கிடையாது.

மதிப்பெண் நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது: தடையின்றித் தொடர்ச்சியாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் பிழையின்மையும், உச்சரிப்பு. கருத்து சரியா தவறா என்பதற்கு இவற்றில் இடமே இல்லை. தமிழர் உச்சரிப்பின் சாயலுக்காக மட்டும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். சொல்வது சிரமமின்றிப் புரிய வேண்டும், அவ்வளவுதான். தயக்கத்தையும் அவர்கள் இரண்டு வகையாகப் பார்க்கிறார்கள். என்ன சொல்வது என்று யோசிக்கும் தயக்கம் 8 மதிப்பெண் பெறுபவரிடமும் இருக்கலாம். ஆங்கிலச் சொல்லைத் தேடித் திணறுவது அடிக்கடி நேர்ந்தால் மதிப்பெண் இறங்கும். ஆகவே யோசிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்வது குற்றமில்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கவும் செய்யலாம்.

பொதுவாக நேரும் பிழை, பொதுக் கேள்விக்குச் சொந்தக் கதையைப் பதிலாகச் சொல்வது. ‘இயற்கை வளங்களைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா?’ என்று கேட்டால், ‘எங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், லாரியில்தான் தண்ணீர் வருகிறது’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதே சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையை எடுத்துக்கொண்டால் பதில் எங்கே போகும் என்று பாருங்கள். கட்டுப்படுத்தத்தான் வேண்டும், ஏனென்றால் நிலத்தடி நீர் ஒருவருடைய வேலிக்குள் அடங்குவதில்லை என்று முதலில் நிலைப்பாட்டையும் காரணத்தையும் சொல்லலாம். அடுத்தது சான்று. 2000இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று ஊர்மக்கள் 2002இல் போராட்டம் தொடங்கினார்கள். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் அதன் முகமானார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பிறகு மறுபக்கம்: ஆலை மூடினால் வேலையும் போகும், எனவே அனுமதி தருவதற்கு முன்பே நீரின் அளவைக் கணக்கிட்டிருந்தால் இரு தரப்பும் தப்பியிருக்கும். முப்பது நாற்பது நொடியில் இதைச் சொல்லிவிடலாம். ‘இருந்திருந்தால்’ என்ற நிபந்தனை வாக்கியமும், ‘என்றாலும்’ என்று விட்டுக்கொடுக்கும் வாக்கியமும் தாமாகவே வந்து விழும். இலக்கண வீச்சு என்று மதிப்பீட்டாளர் எதிர்பார்ப்பது இத்தகைய வாக்கியங்களைத்தான்.

இந்த எல்லைப் பகுதிக்கு இத்தகைய சான்றுகளில் பஞ்சமில்லை. பெண்கள் தலைமை ஏற்பது பற்றிக் கேட்டால் 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’ என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்து, போனசுக்காகப் போராடியதைச் சொல்லலாம். நதிநீர்ப் பங்கீடு பற்றிக் கேட்டால் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு வந்தாக வேண்டும். சந்தையா, சூப்பர் மார்க்கெட்டா என்றால் வேலந்தாவளம் காய்கறிச் சந்தையே போதும். ஆனால் எண்ணையும் ஆண்டையும் ஒப்பித்துவிட்டு நிறுத்தக் கூடாது. சான்று ஒரு வாக்கியத்தில் முடிந்து, பேச்சு மறுபடியும் பொதுக் கேள்விக்கே திரும்ப வேண்டும்.

பயிற்சி மையங்கள் விற்கும் மாதிரி விடைத் தொகுப்புகள் இந்தப் பகுதிக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கின்றன. ஒப்பிக்கும் பதிலைக் கண்டுபிடிக்க மதிப்பீட்டாளருக்குப் பயிற்சி உண்டு. எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் பூங்காவைப் பற்றி மனப்பாடம் செய்த வாக்கியம், அடுத்த ‘ஏன்?’ வந்ததுமே உடைந்துவிடுகிறது. அதற்குப் பதில், நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்து இரண்டு பேர் முதலில் தமிழிலேயே வாதாடட்டும். ஒருவர் ஆதரிக்க, மற்றவர் மறுக்க, பிறகு பக்கம் மாறட்டும். அதே வாதத்தை ஆங்கிலத்தில் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேட்கட்டும். பெரும்பாலும் தடையாக இருப்பது ஆங்கிலம் அல்ல, அந்த விஷயத்தில் தனக்கென ஒரு கருத்து வைத்து, அதற்குக் காரணம் சொல்லிப் பழகாததுதான். தமிழில் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பேச்சுத் தேர்வு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. மதிப்பெண் குறைவு என்று கருதுபவர் குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டணம் செலுத்தி மறுமதிப்பீடு கேட்கலாம்; வேறொரு மதிப்பீட்டாளர் பதிவைக் கேட்டு மதிப்பிடுவார், மதிப்பெண் உயர்ந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தேர்வு முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.