எதைக் கொண்டு தேடுவது? சிந்துவெளித் தொடரடைவும் மும்பைக் கணினியும்

பெருந்தொகுதி ஒன்றினுள் வேண்டிய இடத்தை எவ்வாறு கண்டடைவது என்னும் வினா இன்று மென்பொருள் எழுதுவோருக்கு மட்டுமே உரியதாகக் கருதப்படுகிறது. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல்தொகுதியில் ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று அறிய வெறும் எழுத்துச்சரத் தேடல் போதுமா, முன்கூட்டியே கட்டிய அடைவு வேண்டுமா என்பது அவர்களது அன்றாடச் சிக்கல். இதே சிக்கலை 1970-களில், எவராலும் வாசிக்க இயலாத ஒரு தொகுதியின் முன் நின்று தமிழறிஞர் ஒருவர் எதிர்கொண்டார். அதற்கு அவர் கண்ட விடை உருப்பெற்றது இந்த மும்பை நகரின் கணினியில்தான்.

ஐராவதம் மகாதேவன் 1954-ஆம் ஆண்டு இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். 1970-இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை, சிந்துவெளிப் பொறிப்புகளை முறையாகத் தொகுக்க அவருக்கு வாய்ப்பளித்தது. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்போது வலுவான கணினிப் பிரிவு இயங்கிவந்தது. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக் 1960-இல் அங்குதான் முழுமை பெற்றது. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அப்பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்நிறுவனத்தின் துணையோடு உருவான தொடரடைவு 1977-இல் இந்தியத் தொல்லியல் துறையின் 77-ஆம் நினைவேடாக வெளிவந்தது. 2,906 பொருள்கள், 3,573 வரிகள், 13,372 குறி வருகைகள், 417 தனிக்குறிகள் என்பது அதன் பரப்பு.

கணினி ஏன் தேவைப்பட்டது? சங்க நூல்களுக்குச் சொல்லடைவு செய்வோர்க்கு அகரவரிசை உண்டு, சொல்லின் எல்லை தெரியும், பொருளும் தெரியும். சிந்துவெளிப் பொறிப்பில் இம்மூன்றும் இல்லை. ஒலி தெரியாத குறியை எந்த வரிசையில் அடுக்குவது? ஒரு பொருளுக்குச் சராசரியாக ஐந்து குறிகள்கூட இல்லாத பாடங்களில், ஒரு குறியின் இயல்பைக் காட்டக்கூடியது அதன் அண்டைக் குறிகளும் அது நிற்கும் இடமுமே. ஜி. ஆர். ஹண்டர் 1934-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஒப்பீட்டைக் கையாலேயே செய்திருந்தார். ஆயினும் ஒவ்வொரு குறிக்கும், ஒவ்வொரு குறியிணைக்கும், ஒவ்வொரு களத்துக்கும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது கைவேலைக்கு அடங்காது.

தொடரடைவின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் மூன்று தீர்மானங்கள் புலப்படும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அதனால் உருவம் எண்ணாகிக் கணினியால் வரிசைப்படுத்தத் தக்கதாயிற்று. ஒரு குறியைத் தேடினால் அது இருக்குமிடத்தின் முகவரி மட்டுமன்றி, அது இடம்பெறும் முழு வரியும் கண்முன் நின்றது. கண்டெடுத்த களம், பொருளின் வகை, முத்திரையில் உள்ள விலங்குருவம் ஆகியவை பாடத்தோடு சேர்த்தே பதிவு செய்யப்பட்டன. இவற்றின் பயனாக, எழுத்தை வாசிக்காமலேயே எழுத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முடிந்தது. சாடி போன்ற குறி 1,395 முறை வருவதும், அது பெரும்பாலும் பாடத்தின் இறுதியில் நிற்பதும் எவ்வித மொழிக் கொள்கையையும் சாராத செய்திகள். திராவிடக் கருதுகோளை ஏற்றவர் மகாதேவன். எனினும் தம் கருவிக்குள் அக்கருதுகோளை அவர் நுழைக்கவில்லை. அவரது முடிபுகளை மறுப்போரும் அவரது தொடரடைவையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் கருவி முற்றிலும் நடுநிலையானது என்று சொல்லிவிட முடியாது. இரு குறிகள் ஒன்றா, ஒன்றன் திரிபா என்று தீர்மானித்த பிறகே எண் வழங்க இயலும். 1973-இல் பின்லாந்தில் கோஸ்கென்னியெமி, அஸ்கோ பர்ப்போலா, சிமோ பர்ப்போலா ஆகியோர் வெளியிட்ட கணினித் தொடரடைவு குறிகளை வேறு விதமாகப் பிரித்தது. பிற்காலத்தில் பிரையன் வெல்ஸ் அமைத்த பட்டியலோ 600 குறிகளைத் தாண்டுகிறது. பொறிப்புகள் அவையே, அடைவுகள்தாம் வேறு. ஒரே நிரல்தொகுதியை இரண்டு பகுப்பிகள் இருவேறு வகையாகத் துண்டாக்குவதைப் போன்றது இது.

அதே 1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ‘கிரெப்’ என்னும் தேடுகருவியை எழுதினார். கிரெப் எதையும் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. கொடுத்த வடிவத்தை மூல வரிகளில் தேடி, பொருந்தும் வரியை அப்படியே காட்டும். பின்வந்த சிடேக்ஸ், சிஸ்கோப் முதலியவை நிரலின் இலக்கணத்தை ஓரளவு அறிந்து அடைவு கட்டுபவை. வரையறையையும் அழைப்பையும் வேறுபடுத்தி அவை காட்டும். முன்னது நம்பத்தக்கது, ஆனால் பொருத்தமற்ற விடைகளையும் அள்ளித் தரும். பின்னவை கூர்மையானவை, ஆனால் அடைவு கட்டியவர் விட்டுவிட்டதை ஒருநாளும் காட்டா. சிந்துவெளி ஆய்விலும் இவ்விரண்டும் தேவைப்பட்டன. 1987-இலும் 1991-இலும் வெளிவந்த நிழற்படத் தொகுதிகள் மூலத்துக்கு நேரே திரும்பும் வழியைத் திறந்தன. தொடரடைவில் ஐயம் எழுந்தால் முத்திரையின் படத்தையே பார்க்கலாம் என்னும் நிலை அதன் பிறகே பரவலாயிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2004-இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகிய மூவரும் சிந்துவெளிக் குறிகள் மொழியைப் பதிந்த எழுத்தே அல்ல என்று வாதிட்டனர். ஒரே ஒருமுறை மட்டும் வரும் குறிகளின் மிகுதி அவர்களது சான்றுகளுள் ஒன்று. மகாதேவன் பட்டியலில் அத்தகையவை 112. இந்த எண் குறிகளைப் பிரித்த முறையைச் சார்ந்தது: திரிபுகளைச் சேர்த்தால் குறையும், பிரித்தால் பெருகும். 2009-இல் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா முதலியோர் மகாதேவனோடு இணைந்து ‘சயின்ஸ்’ இதழில் எதிர்த்தரப்பை முன்வைத்தனர். குறிகளின் வரிசையொழுங்கு மொழிகளை ஒத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. அதற்கு அடிப்படையானது, தொடரடைவிலிருந்து சிதைந்த பாடங்கள், ஐயத்துக்குரியவை, பலவரிப் பாடங்கள், மறுபடிகள் ஆகியவற்றை நீக்கி எடுத்த 1,548 பாடங்கள், 7,000 குறி வருகைகள் கொண்ட தரவு. ஆக, இருதரப்பும் மோதிக்கொண்ட களத்தை வரைந்தது 1977-இன் அடைவு. எழுத்தா, எழுத்தன்றா என்னும் பெருவினாவின் ஒரு பகுதி, எதைக் கொண்டு எண்ணினோம் என்னும் சிறுவினாவில் தங்கியிருக்கிறது.

மாதுங்கா, செம்பூர், சுனாபட்டிப் பகுதிகளில் வாழும் தமிழ் மாணவருள் மென்பொருள் பயில்வோரும் உண்டு, வரலாறு பயில்வோரும் உண்டு. இரு சாராரும் இன்று தேடற்பெட்டியில் சொல்லை இட்டு, வந்த விடையின் எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்கின்றனர். ‘இத்தொகுதியில் இச்சொல் இல்லை’ என்னும் கூற்று ஆய்வேடுகளில் எளிதாக இடம்பெறுகிறது. அக்கூற்றின் முன் கேட்கப்பட வேண்டியவை சில: கருவி எதை ஓர் அலகாகக் கொள்கிறது? எவற்றை ஒன்றெனச் சேர்த்தது, எவற்றை விலக்கியது? விடையிலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழி விட்டிருக்கிறதா?

மகாதேவனின் நூல் இக்கேள்விகளுக்கு இடந்தந்தது. ஒவ்வொரு குறியின் கீழும் எந்தெந்தத் திரிபுகளைச் சேர்த்தார் என்ற பட்டியலை அவர் அச்சிலேயே கொடுத்தார். அவரோடு உடன்படாதவர் அப்பட்டியலைக் கொண்டே அவரைத் திருத்தலாம். 2018-இல் அவர் மறைந்த பின்னும் அந்நூல் வழக்கிறவாமல் இருப்பதற்கு அதில் உள்ள தரவின் அளவு மட்டும் காரணமன்று. இன்றைய கணினிக்கு 13,372 என்பது கண்ணிமைப் பொழுதுக்குரிய வேலை. தேடுகருவியைத் தேரும்போது வேகத்தை முதலிற் பார்க்கிறோம். அக்கருவி தன் தீர்மானங்களை வெளிக்காட்டுகிறதா என்பதையே முதலிற் பார்க்க வேண்டும். வேகம் குறைந்த கருவியால் நமக்குக் காலம்தான் வீணாகும். தீர்மானங்களை மறைக்கும் கருவியால், இல்லாததை உண்டென்றும் உள்ளதை இல்லையென்றும் எழுதிவிடுவோம்.