திறந்து கிடந்த கதவு: பழைய கணினியும் அகலப்பட்டை இணையமும்

பெரகலயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 நெடுஞ்சாலையில் உள்ள சிறிய நகரம் கொஸ்லந்த. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க அப்புத்தளைப் பக்கத்திலிருந்து செல்வோர் இதைக் கடந்துதான் போகவேண்டும். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கொழும்பில் தொழில் செய்யும் பிள்ளைகள், புதியது வாங்கியதும் தமது பழைய மேசைக் கணினியை ஊருக்கு அனுப்பிவிடுவது இப்பகுதியில் வழக்கம். அப்படியொரு கணினி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அதற்கு இணைய இணைப்பு எடுக்க எண்ணி என்னிடம் கேட்டார்: "பழைய பெட்டிதானே ஐயா, இதில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடை கணினி நூல்களில் மட்டும் இல்லை. மலையகத்தின் வரலாற்றிலும் இருக்கிறது.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974 இல்தான் எழுதப்பட்டது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. இந்த 55 ஆண்டுகளிலும் ஒரு குடும்பம் இங்கே இருக்கலாமா, கப்பலேற வேண்டுமா என்பதைத் தீர்மானித்தவை காகிதங்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழையும் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் தகரப் பெட்டியில் பூட்டி வைத்துப் பழகிய சமூகம் இது. இன்று அந்தப் பத்திரங்களின் பிரதிகள், பிள்ளைகளின் பெறுபேறுகள், இறந்துபோன பெற்றோரின் ஒரே புகைப்படம் ஆகியன அந்தப் பழைய கணினிக்குள் இருக்கின்றன. தகரப் பெட்டி மாறியிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பதன் பெறுமதி மாறவில்லை.

இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995 இல் ஆரம்பமானது. தொலைபேசி வழியாக மோடத்தை அழைக்கச் செய்து, அது கிரீச்சிட்டு இணையும்வரை காத்திருந்த காலம். நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறியதால், மின்னஞ்சலைப் பார்த்தவுடன் இணைப்பைத் துண்டித்துவிடுவோம். அறியாமலே அதுவும் ஒரு பாதுகாப்பாக அமைந்தது. அன்று ஆபத்து பெரும்பாலும் மின்னஞ்சலில் வந்தது. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதமாக வேடமிட்டு வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலைநாட்டில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடி மின்னல், தொலைபேசிக் கம்பி வழியே வந்து மோடத்தையும் தாய்ப்பலகையையும் சேர்த்தே எரித்துவிடும்.

2003 ஆம் ஆண்டளவில் நமது நாட்டில் ஏடிஎஸ்எல் எனப்படும் அகலப்பட்டை இணைப்பு அறிமுகமானது. 2006 இல் 3ஜி கைத்தொலைபேசிச் சேவை வந்தபின், கம்பி எட்டாத தோட்டங்களையும் 'டொங்கள்' வழியாக இணையம் எட்டத் தொடங்கியது. வேகத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய எழுதினோம். ஆனால் வேகத்தைவிட முக்கியமான மாற்றம் வேறொன்று: இணைப்பு எந்நேரமும் உயிரோடு இருந்தது. வெறும் மோடத்தின் வழியாக இணைந்த கணினி பெரும்பாலும் தனக்கென ஒரு பொது முகவரியோடு உலகத்தின் முன் நேரடியாக நின்றது. பகல் முழுவதும் வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு வயலுக்குப் போவது போன்றது அது.

அந்த ஆண்டே அதன் விளைவு தெரிந்தது. 2003 ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்ற புழு பரவத் தொடங்கியது. யாரும் கடிதத்தைத் திறக்கவேண்டியதில்லை, எதையும் சொடுக்கவேண்டியதில்லை. இணையத்தில் இருந்தாலே போதும், விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு பலவீனத்தின் வழியே தானாக உள்ளே நுழைந்தது. திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். 60 வினாடிகளில் கணினி தானே அணைந்து மீண்டும் இயங்கும். 2004 மே மாதத் தொடக்கத்தில் 'சாசர்' அதே பாணியில் வந்தது. அதை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மாணவர். பாதுகாப்பற்ற விண்டோஸ் கணினி ஒன்று இணையத்தில் எவ்வளவு நேரம் தாக்குதலுக்குள்ளாகாமல் தாக்குப்பிடிக்கும் என்பதை அளந்துவந்த சான்ஸ் நிறுவனத்தின் கண்காணிப்பு மையம், 2004 இல் கூறிய சராசரி ஏறத்தாழ 20 நிமிடங்கள். தேநீர் போட்டுக் குடித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்பியைவிடப் பழைய விண்டோஸ் 98 கணினிகளை பிளாஸ்டர் தொடவில்லை. அவை பலமானவை என்பதால் அல்ல. அந்தப் புழு தேடிவந்த கதவு அவற்றில் இல்லை என்பதால். ஆகப் பழமை மட்டும் ஆபத்தும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

இனி நான் சொல்லவருவது இந்த வரலாற்றின் மையம். பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2003 ஜூலை 16 அன்றே வெளியிட்டுவிட்டது. சாசருக்கான திருத்தம் 2004 ஏப்ரல் 13 இல் வந்தது. 2008 நவம்பரில் பரவிய 'கொன்பிக்கர்' புழுவுக்கான திருத்தம் அக்டோபர் 23 இல் வெளியானது. 2017 மே 12 அன்று பிரித்தானியாவின் மருத்துவமனைகளைக்கூட நிலைகுலையச் செய்த 'வனாகிரை' தாக்குதலுக்கான திருத்தம் மார்ச் 14 இலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை முந்தியது; அழிவு பிந்தியது.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் சிக்கினார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாவது சேவைத்தொகுப்பு, தீச்சுவர் எனப்படும் பாதுகாப்பு அரணை முதன்முறையாகத் தானாகவே இயங்கச் செய்தது. அதன் முழுப்பொதியின் அளவு சுமார் 266 மெகாபைட். தொலைபேசி மோடத்தின் உச்ச வேகத்தில்கூட அதை இறக்க 11 மணித்தியாலம் வேண்டும். நிமிடத்துக்குக் காசு கட்டுகிற மலைநாட்டு வீட்டில் அதை யார் இறக்குவார்? எச்சரிக்கை வந்தது உண்மை. அதன்படி நடப்பதற்கான வழி எல்லோருக்கும் வரவில்லை.

கொஸ்லந்த மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 அன்று காலையில் மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியிருந்த மக்கள் போவதற்குக் காணியும் வீடும் இருக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் பெற்றோரை இழந்து நின்றார்கள். மனித உயிரையும் கணினியையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் உயிர்தப்பியோர் எல்லாப் பத்திரங்களையும் மண்ணுக்குள் பறிகொடுத்து, தாம் யாரென்று நிரூபிக்கவேண்டிய நிலையில் நின்றதை மறக்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும் என்ற விதி, மலையகத்தில் வைரசுக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல.

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 இல் முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. முன்போலவே இயங்கும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அதை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள் என்பதே அதன் பொருள்.

இது ஏழை வீட்டுப் பிரச்சினை மட்டுமே என்று எண்ணவேண்டாம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியே பணயத் தாக்குதலுக்கு இரையானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் அடங்கும். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குப் பிரதி இல்லாததால் அவை மீளக் கிடைக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆதரவு முடிந்துபோன 2013 ஆம் ஆண்டு மென்பொருள். புதுப்பிக்கும் திட்டம் 2021 இலேயே இருந்தும் பணமின்மையால் தள்ளிப்போனதாகச் சொல்லப்பட்டது. கொழும்பு அரச மையத்துக்கும் கொஸ்லந்த வீட்டுக்கும் நோய் ஒன்றுதான்.

ஆகவே பழைய கணினியை இணைக்க விரும்புவோருக்கு இந்த வரலாறு சொல்லும் பாடங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, கணினிக்கும் இணையத்துக்கும் இடையில் ஒரு ரவுட்டர் இருக்கட்டும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புகளை அது உள்ளே விடாது. பிளாஸ்டர் காலத்தில் பல வீடுகளைக் காத்தது அதுவே. அதனோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். இரண்டாவது, தீச்சுவரை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஆதரவுள்ள இயக்குதளத்தையே பயன்படுத்துங்கள். புதிய விண்டோஸை அந்தப் பெட்டி தாங்காவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் இலகுவான லினக்ஸ் வகைகளில் ஒன்று பெரும்பாலும் போதும். அதுவும் முடியாவிட்டால் அந்தக் கணினியை எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் வைத்துக்கொண்டு இணையத்திலிருந்து விலக்கிவிடுவதே மேல். வங்கிக் கணக்கை அதில் திறக்கவேண்டாம். மூன்றாவது, நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கக் கொண்டுபோன பென் டிரைவைச் சந்தேகத்தோடு பாருங்கள். கொன்பிக்கர் அந்த வழியாகவும் பரவியது. நான்காவது, இடி முழங்கினால் மின்சாரக் கம்பியோடு இணைய இணைப்புக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. பத்திரங்களுக்கும் படங்களுக்கும் இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று கணினியோடு இணைக்கப்படாமல் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று மலைக்கு அப்பால், பதுளையிலோ கொழும்பிலோ கடல்கடந்தோ உள்ள ஓர் உறவினரிடம் இருக்கட்டும். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊருக்குப் பழைய கணினி அனுப்பும்போது அதைச் சுத்தப்படுத்தி, புதுப்பித்து அனுப்புங்கள், கூடவே ஒரு ரவுட்டருக்கும் காசு அனுப்புங்கள்.

எச்சரிக்கை விடுப்பவர்களின் கடமை எச்சரிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. அதைக் கேட்பவர் நகர்ந்து நிற்பதற்கு ஓர் இடமும் வேண்டும். மீரியாபெத்தைக்கு அது காலத்தில் கிடைக்கவில்லை. ஒரு வீட்டுக் கணினிக்கு அந்த இடத்தை அமைத்துக்கொடுக்க ஒரு பிற்பகலும் கொஞ்சப் பணமும் போதும்.